உரைகல்லில் தீட்டிய சவரக்கத்தி

என் மாமனார் தம் சவரக்கத்தியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ராசிபுரத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தில் ஒரு வாரத் தாடி இருந்தது. என் மனைவி அதைப் பார்த்ததும் தண்ணீர்ச் சொம்பை நீட்டாமலே, ஊரில் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் அந்த வயதுக் குடியானவர் ஒருவர் தாடியோடு வந்து நின்றால் ஒன்று துக்கம், இல்லையென்றால் பழனிக்கு வேண்டுதல். இரண்டுமில்லை என்றார் மாமனார். ஊர் நாவிதர் ரிக் வண்டியோடு போய்விட்டாராம்.

அது எண்பதுகளின் தொடக்கம். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வடக்கே மத்தியப் பிரதேசம் வரை போய்க்கொண்டிருந்தன. வண்டியோடு போகும் ஆட்களுக்குச் சோறாக்கிப் போட ஒருவர் வேண்டும். அந்த வேலைக்குத்தான் நாவிதர் போனார். நல்ல சம்பளம், மூன்று வேளைச் சாப்பாடு, யார் வாசலிலும் காத்து நிற்க வேண்டியதில்லை. யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். மாமனாருக்கு அதிலும் பெரிய மறுப்பு இல்லை. "அவன் போனது போகட்டுமுங்க மாப்ள, சாணைக்கல்லையும் எடுத்துட்டுப் போயிட்டானுங்க" என்பதுதான் அவருடைய வருத்தம். முகம் வழிப்பது எப்போதும் மாமனாரேதான். தம் சொந்தக் கத்தியில், தம் சொந்தக் கையால். ஆனால் கத்தியைத் தீட்டுவது மட்டும் நாவிதரின் கல்லில். ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் அவர்கள் ஊரில் அப்படியொரு கல் வேறு யாரிடமும் இல்லை.

சலூனுக்குப் போகலாமே என்றேன். ஊரான் கழுத்தெல்லாம் சுற்றி வந்த கத்தி தம் கழுத்துக்கு வர வேண்டாம் என்றார். என் சேஃப்டி ரேசரைக் காட்டினேன். கையில் வாங்கி, குழந்தையின் கிலுகிலுப்பையைப் பார்ப்பதுபோல ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிளேடு என்பது அவரைப் பொறுத்தவரை தகரம்.

இதெல்லாம் சாதாரண நாளாக இருந்தால் பொறுத்திருக்கலாம். ஆனால் அடுத்த வாரத்துக்கு அடுத்த புதன்கிழமை என் கொழுந்தியாளுக்கு உப்புச் சர்க்கரை. சம்பந்தம் உறுதியானதற்கு அடையாளமாக இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்ளும் சடங்கு அது. பெண்ணின் அப்பா தாடியோடு வந்து உட்கார்ந்தால் மாப்பிள்ளை வீட்டார் முதலில் கேட்கும் கேள்வி யார் செத்தது என்பதாகத்தான் இருக்கும். அதைக் கேட்டுவிட்டு அவர்கள் எழுந்து போனாலும் யாரும் குறை சொல்ல முடியாது.

"நீங்கதான் தீட்டிக் குடுக்கோணும்" என்று கத்தியை என் மேசைமேல் வைத்தார்.

எனக்குத் தீட்டத் தெரியாது என்றேன். "நீங்க பென்சில் சீவறதை நான் பாத்திருக்கறேனுங்க" என்றார். நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். என் பென்சில்கள் எல்லாம் ஒரே நீளக் கூரோடு இருக்கும் என்பது உண்மை. அதிலிருந்து சவரக்கத்திக்கு ஒருவர் எப்படித் தாவினார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் அப்படிச் சொல்லக் கேட்டபோது உள்ளூர ஒரு பெருமை வந்தது. அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

மாமனார் கத்தியை என்னிடம் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். சனிக்கிழமை அரைநாள் விடுப்பில் சேலத்துக்கு பஸ் ஏறினேன். செவ்வாய்ப்பேட்டையில் இரும்புச் சாமான் கடைக்காரர் இரண்டு கற்களைக் காட்டினார். ஒன்று அரிவாள் தீட்டும் சாம்பல்நிறக் கல். அதில் சவரக்கத்தியை வைத்தால் ரம்பமாகத்தான் திரும்பி வரும். இன்னொன்று வெளிநாட்டுக் கல், மரப்பெட்டியில் பஞ்சுக்கு நடுவே படுத்திருந்தது. விலையைக் கேட்டேன். ஏறக்குறைய அதே விலைக்கு என் மனைவி ஒரு பட்டுச்சேலை கேட்டு, நான் தீபாவளி கழியட்டும் என்று சொல்லியிருந்தேன். பெட்டியை நானே மூடிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

பஸ்ஸுக்குக் குறுக்குவழியாக வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் இருக்கும் சந்தில் நடந்தபோது, பட்டறைச் சாமான்கள் விற்கும் சிறு கடை ஒன்றில் உரைகற்கள் வரிசையாக இருந்தன. தங்கத்தை உரசி மாற்றுப் பார்க்கும் கறுப்புக் கல். ஒன்றை எடுத்து விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். நகம் எங்கும் தட்டவில்லை. ஆனால் கண்ணாடி போல வழுக்கவும் இல்லை, மெல்லப் பிடித்தது. பள்ளிக்கூடச் சிலேட்டைவிட நூறு மடங்கு நயம். முழுக் கல் விலை அதிகம். மூலை உடைந்த பழைய கல் ஒன்று, எந்தப் பட்டறையிலோ கழித்துவிட்டது, தராசுக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். ஒரு உள்ளங்கை அகலம், அதைவிடக் கொஞ்சம் நீளம். அதைக் கேட்டேன்.

இதில் சவரக்கத்தி தீட்டலாமா என்று கடைக்காரரிடம் விசாரித்தேன். அவர் யோசித்து, தமக்குத் தெரியாது என்றும், ஆனால் அந்தக் கல் இதுவரை யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்ததில்லை என்றும் சொன்னார். ஒரு டிபன் சாப்பிடும் காசுக்குத் தந்தார். தருவதற்கு முன் மெழுகு உருண்டை ஒன்றை எடுத்துக் கல் முழுவதும் ஒத்தி ஒத்தி எடுத்தார். கல்லில் ஒட்டியிருக்கும் தங்கத் துகளை மெழுகில் சேர்த்துக்கொள்வது அவர்கள் வழக்கம். தங்கத்தோடு கல்லை விட அவருக்கு மனமில்லை. தராசு சாய்ந்துவிட்டதால் அதன் காலுக்கு என் பஸ் டிக்கெட்டை மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

அன்று மாலையே கொல்லையில் மணை போட்டு உட்கார்ந்தேன். கல்லில் நீர் தெளித்து, கத்தியைப் படுக்கவைத்து, முதுகும் கூரும் ஒருசேரக் கல்லைத் தொடும்படி முன்னால் தள்ளினேன். கோடியில் கூரைத் தூக்காமல் முதுகின்மேலேயே புரட்டி, அடுத்த பக்கத்தை இழுத்தேன். நாவிதர் செய்வதைத் தூரத்திலிருந்து பார்த்த நினைவு அவ்வளவுதான். எவ்வளவு தள்ளியும் கத்தியில் மாற்றம் தெரியவில்லை. கூரின் எந்த இடம் கல்லில் படுகிறது, எந்த இடம் படவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? அலுவலகச் சிவப்பு மை நினைவுக்கு வந்தது. கூரின் ஓரம் முழுக்க மையைத் தடவி நான்கைந்து முறை தீட்டினால், மை அழிந்த இடம் கல்லைத் தொட்ட இடம், அழியாத இடம் தொடாத இடம். இதை நானாகக் கண்டுபிடித்தேன் என்று அன்று முழுக்க மகிழ்ந்தேன். தண்ணீர் கேட்டு உள்ளே குரல் கொடுத்தபோது என் மனைவி வந்து, கல்லின்மேல் வழிந்த சிவப்பு நீரையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். விரலெல்லாம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றதும் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள்.

மை ஒழுங்காக அழியத் தொடங்கியது. அடுத்து, கூர் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்னங்கை மயிரைவிடச் சிறந்த சோதனை கிடையாது. கத்தியை மெல்ல ஓட்டினேன். நாலைந்து மயிர் வந்தது, மீதி வரவில்லை. இன்னும் தீட்ட வேண்டும். ஆனால் அதை என் மனைவி சமையலறை வாசலிலிருந்து பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, குளிச்சுட்டு உள்ள வாங்க."

எங்கள் வீடுகளில் சவரம் செய்துகொண்டவர் குளிக்காமல் உள்ளே வரக்கூடாது, எதையும் தொடக்கூடாது. அது எனக்கும் தெரியும். நான் சவரம் செய்யவில்லை, சோதனை செய்தேன் என்றேன். கத்தி பட்டதா, மயிர் வந்ததா என்றாள். நாலைந்துதான் என்றேன். "நாலு மசுருன்னா உள்ள வரலாம், நாப்பதுன்னா குளிக்கோணும்னு எங்காச்சும் எழுதியிருக்குதுங்களா?" என்று கேட்டாள். குளித்தேன்.

சிக்கல் என்னவென்றால், இந்த வேலையின் முறையே தீட்டிப் பார்ப்பதும் ஓட்டிப் பார்ப்பதும்தான். கொஞ்சம் தீட்ட வேண்டும், கையில் ஓட்டிப் பார்க்க வேண்டும், மறுபடி தீட்ட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு குளியல். அதுவும் ராசிபுரத்தில். தெருக் குழாயில் தண்ணீர் வருகிற நாளில் குடங்கள் வரிசையில் நிற்க, நாங்கள் குடும்பத்தோடு குடத்துக்குப் பின்னால் நிற்கிற ஊர் அது. மூன்றாம் நாள் மாலை நான் மறுபடியும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டபோது, பக்கத்து வீட்டுத் தறிக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். முகத்தைச் சோகமாக வைத்திருந்தார்.

"ஏனுங்க, ஊர்ல ஆரு போயிட்டாங்க?"

யாருமில்லை என்றேன். அவர் நம்பவில்லை. பொழுது சாயும் நேரத்தில் ஒருவன் தலைக்கு ஊற்றினால் அது சாவுக் குளியல்தான். அதுவும் தினமும் என்றால் குடும்பத்தில் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். சொல்ல விருப்பமில்லையென்றால் பரவாயில்லை, ஏதாவது உதவி வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் என்றார். சவரக்கத்தி தீட்டுகிறேன் என்று விளக்கினேன். ரொம்பப் பரிவோடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போனார். மறுநாள் அவர் மனைவி எங்களுக்குச் சோறும் ரசமும் கொடுத்தனுப்பினார், துக்க வீட்டுக்கு அனுப்புவதைப்போல.

இதில் என் மனைவி பயந்துபோனாள். பெண் வீட்டில் சாவு என்ற பேச்சு ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டால் என்ன ஆவது? அன்றிரவே ஒரு வழி சொன்னாள். தான் தலைவாரும்போது உதிரும் முடியைச் சுருட்டிச் சுவர் ஓட்டையில் செருகி வைத்திருந்தாள். சவுரிக்காரிக்குப் போட்டுச் சாமான் வாங்குவதற்காக. அதில் ஒரு முடியை எடுத்துத் தொங்கவிட்டுக் கத்தியை அதன்மேல் தொட்டுப் பாருங்கள், அறுந்தால் கூர் வந்தது. உதிர்ந்த முடியைத் தொட்டால் கை கழுவினால் போதும், குளிக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கில்லாமல் எடுக்கக்கூடாது என்று அவளே எண்ணித் தந்தாள்.

அந்த முடி என்னை மேலும் சில நாள் அலைக்கழித்தது. கத்தி பட்டதும் விலகிப் போகும், வளைந்து கொடுக்கும், ஏளனம் செய்வதுபோல ஆடும். அழுத்தித் தீட்டினால் வராது, கத்தியின் எடை மட்டும் கல்லில் இருந்தால் போதும் என்பது ஏழெட்டு முடி வீணான பிறகு புரிந்தது. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை காலை, கல்லில் வெறும் நீரோடு தீட்டி, என் பழைய தோல் பெல்ட்டில் இழுத்து முடித்துவிட்டு, முடியின்மேல் கத்தியை வைத்தேன். தொட்டது தெரியவில்லை. கீழே பாதி முடி விழுந்து கிடந்தது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தன் கையில் ஒரு முடியைப் பிடித்துத் தானே அறுத்துப் பார்த்தாள். பிறகு இன்னொன்று. பிறகு சவுரிக்கு வைத்திருந்ததில் மேலும் கொஞ்சம்.

புதன்கிழமை விடிந்தபோது நாங்கள் மாமனார் ஊரில் இருந்தோம். தேவைப்பட்டால் இன்னொரு முறை தீட்டிக் கொடுக்கக் கல்லையும் கொண்டு போயிருந்தேன். வாசலில் கயிற்றுக் கட்டிலின்மேல் உட்கார்ந்து, தூணில் மாட்டிய கண்ணாடியைப் பார்த்து, மாமனார் முகத்தில் சோப்பை நுரைத்தார். முதல் இழுப்பில் மூன்று வாரத் தாடி சத்தமில்லாமல் வந்தது. முடித்ததும் உள்ளங்கையால் கன்னத்தைத் தடவி, "இதுக்கா அந்தக் கல்லை வெச்சுட்டுப் போன்னு அவனைக் கெஞ்சினேன்?" என்றார். குளிக்கக் கிணற்றடிக்குப் போனார்.

மாப்பிள்ளை வீட்டார் அப்போதே வந்துவிட்டார்கள். கரும்பு லாரி ஒன்று அவர்கள் ஊர்வழியே வந்ததால் சொன்ன நேரத்துக்கு முன்பே வண்டி கிடைத்துவிட்டதாம். வீட்டில் வாசல் பக்கம் இருந்த ஒரே ஆண் நான். வாங்க வாங்க என்று கூப்பிட்டு, மாப்பிள்ளையின் பெரியப்பாவைக் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தேன். அவர்தான் அவர்கள் தரப்பில் பேசும் பெரியவர். கனத்த உருவம், கனத்த குரல். பெண்ணுக்குப் போடுகிற சங்கிலிப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார். என் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டார். குடிக்காமல் கீழே வைத்தார்.

கொடுத்த மோரைக் குடிக்காமல் வைத்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே பொருள்தான், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்பது. நான் அவர் பார்வை போன திக்கில் பார்த்தேன். கட்டிலில் அவர் பக்கத்தில், ஈரம் காயாமல், கன்னங்கரேலென்று என் கல் இருந்தது.

நகையை அடகு வைத்த எந்த விவசாயிக்கும் உரைகல்லைத் தெரியும். பெரியப்பா அதை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரரின் மெழுகு எட்டாத இடம் ஒன்று இருந்திருக்கிறது. உடைந்த மூலையில் மெல்லிய மஞ்சள் கோடு. நான் அத்தனை நாள் அந்தக் கல்லோடு இருந்தும் அதைப் பார்த்ததில்லை. அவர் கட்டைவிரல் அந்தக் கோட்டில் வந்து நின்றது.

"இது ஆரூட்டுத் தங்கமுங்க தம்பி?"

அவர் என்ன நினைக்கிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் போடும் சங்கிலியை உரசிப் பார்க்க நாங்கள் கல் வாங்கித் தயாராக வைத்திருக்கிறோம். இதற்கு முன் யாருடைய நகையையோ உரசியும் பார்த்திருக்கிறோம். இதைவிடப் பெரிய அவமதிப்பை ஒரு பெண் வீடு மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்ய முடியாது.

நான் என் வழக்கப்படி முதலிலிருந்து ஒழுங்காகச் சொன்னேன். நாவிதர் ரிக் வண்டியில் போனது, சலூன், வெளிநாட்டுக் கல்லின் விலை, தராசுக்கு முட்டுக் கொடுத்த கல், மெழுகு, சிவப்பு மை, தொங்கும் முடி. சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது. உண்மையை இவ்வளவு விவரமாக யாரும் சொல்வதில்லை, பொய்யைத்தான் இப்படிக் கோத்துச் சொல்வார்கள் என்று அவர் நினைப்பது எனக்கே தெரிந்தது.

"மூஞ்சி வழிக்கற கத்திக்கு நகைக்கல்லுன்னு நான் எங்கயும் கேட்டதில்லீங்க" என்று பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அப்போது மாமனார் ஈர வேட்டியோடு வந்து சேர்ந்தார். நான் இரண்டு வார்த்தையில் சொன்னேன். அவர் பெரியப்பாவின் கையைப் பிடித்துத் தம் கன்னத்தில் வைத்தார். பெரியப்பா கையை எடுக்கவில்லை. இந்தக் கன்னம், அந்தக் கன்னம், மோவாய்க்கட்டை எல்லாம் தடவிப் பார்த்தார். "வழிச்ச மூஞ்சிதானுங்க சம்மந்தி. இந்தக் கல்லுதான் வழிச்சுதுன்னு எப்புடிங்க நம்பறது?" என்றார்.

மாமனார் சட்டென்று கத்தியை எடுத்து, எல்லோரும் பார்க்க, மோர்ச் சொம்பின் விளிம்பில் அதன் கூரை ஒரே இழுப்பு இழுத்தார். கிறீச்சென்ற அந்தச் சத்தம் என் பல்லில் தெறித்தது. அத்தனை நாள் உழைப்பு. கத்தியை என்னிடம் நீட்டி, "தீட்டுங்க மாப்ள" என்றார்.

வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் கீழே உட்கார்ந்து கல்லில் நீர் தெளித்தேன். அழுத்தக்கூடாது என்பது மட்டும் நினைவிருந்தது. உள்ளே கொழுந்தியாள் பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் கல்யாணம் ஒரு கூரில் நின்றது. நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று யாரோ பெண்கள் பக்கத்தில் முனகினார்கள். நேரம் போனால் போகட்டும் என்று தள்ளித் தள்ளித் திருப்பினேன். நல்லவேளையாக மாமனார் இழுத்தது ஒருமுறைதான். கூர் மழுங்கியிருந்தது, உடையவில்லை. இடுப்பிலிருந்து பெல்ட்டைக் கழற்றி இழுத்து முடித்துவிட்டு, வேட்டி அவிழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கத்தியைப் பெரியப்பாவிடம் கொடுத்தேன்.

அவர் தம் முன்னங்கையில் வைத்து ஓட்டினார். அடர்ந்த மயிர் ஒரு விரல் அகலத்துக்கு வழுவழுவென்று ஆயிற்று. அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"குளிச்சுட்டு வாங்க" என்றது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். பெரியப்பாவின் மனைவி. நான் என் மனைவியைப் பார்க்கவில்லை.

பெரியப்பா யோசித்தார். தம் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். லாரி அவசரத்தில் நேற்றைய சவரத்தோடு வந்திருந்தார். "எப்புடியும் குளிக்கோணும். அப்ப முழுசா வழிச்சுட்டே குளிச்சர்றேன்" என்று கண்ணாடி முன்னால் உட்கார்ந்துவிட்டார். மாமனார் சோப்பு நுரைத்துக் கொடுத்தார். அவர் வழித்து முடிப்பதற்குள் அவர்கள் தரப்பில் இன்னும் இரண்டு பேர் மோவாயைத் தடவிக்கொண்டு முன்னால் நகர்ந்தார்கள். பெண்கள் அதட்டி உட்கார வைத்தார்கள்.

நல்ல நேரத்தின் கடைசியில், மாமனாரின் வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு, முகம் பளபளக்கப் பெரியப்பா பாயில் வந்து உட்கார்ந்தார். வைத்துவிட்டுப் போன மோரைக் கேட்டு வாங்கிக் குடித்தார். உப்பு மாறியது, சர்க்கரை மாறியது. சங்கிலியைப் போட வேண்டிய நேரம் வந்தது. பெட்டியின்மேல் கை வைத்தவர், திறக்காமல் என்னைத் தேடினார்.

"தம்பி, அந்தக் கல்லு எங்க வெச்சிருக்கறீங்க?"

உள்ளே பீரோவில் என்றேன்.

"பூட்டிட்டீங்களா?"

பூட்டிவிட்டேன் என்றேன். சாவியை என் மனைவி இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள். பெரியப்பா அதைப் பார்த்து ஒருமுறை தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் திறந்தார்.